மாதிரி விமானத்துக்கு அசல் போலவே ப்ரொப்பல்லர் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். நான் இதுவரை நான்கு செய்திருக்கிறேன். முதலாவது பார்க்க அழகு, ஆனால் தப்பு. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

விமானத்தைக் கட்டி முடித்துவிட்டீர்கள், மூக்கில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ப்ரொப்பல்லர்தான் கண்ணை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. 2011இல் டைகர் மாத் என்ற பழைய இரட்டை அடுக்கு இறக்கைப் பயிற்சி விமானத்தின் மாதிரியை ஐந்தில் ஒரு பங்கு அளவில் கட்டினேன். இறக்கை முனைக்கு முனை 1.79 மீட்டர். ப்ரொப்பல்லரை மரத்திலேயே செதுக்குவது என்று முடிவு செய்து, தெரிந்த ஆசாரியிடம் 3 மி.மீ. கனத்தில் தேக்குப் பட்டையும் வேங்கைப் பட்டையும் அறுத்து வாங்கினேன். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு எபாக்ஸி பசை தடவினால்தான் ஒட்டும்.

பட்டைகளை மாறி மாறி ஒட்டச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. செதுக்கச் செதுக்க அந்த ஒட்டுக் கோடுகள் வரைபடத்தில் மலையின் உயரக் கோடுகள் தெரிவதுபோல வளைந்து வெளியே வரும். இரண்டு பிளேடிலும் கோடுகள் ஒன்றுபோல் வளைந்தால் வடிவமும் ஒன்றுபோல் இருக்கிறது என்று அர்த்தம். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

நடு ஓட்டையை, கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். செதுக்கிய பிறகு போட்டால் நேராக வராது. அப்புறம் பின்முகம், கடைசியில்தான் முன்முகத்தின் வளைவு. கோணத்துக்குக் கண்ணளவை நம்ப வேண்டாம். 16 அங்குல விட்டம், 8 அங்குல பிட்ச் (நழுவாமல் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னேறும் தூரம்) என்று வைத்துக்கொண்டால், மையத்திலிருந்து 3 அங்குலத்தில் பின்முகம் சுமார் 23 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், 6 அங்குலத்தில் 12, நுனியில் 9. பிட்சை அந்த இடத்தின் சுற்றளவால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட் வரும், அவ்வளவுதான் கணக்கு. அட்டையில் கோணம் வெட்டி வைத்துக்கொண்டு அரத்தால் ராவிக்கொண்டே பொருத்திப் பாருங்கள்.

முன்விளிம்பில் மெல்லிய பித்தளைத் தகடு மடித்து ஒட்டினேன். நுனியில் மூன்று பொடி ஓட்டைகள்கூடப் போட்டேன். அசல் மர ப்ரொப்பல்லர்களில் தகட்டுக்குள் தங்கும் ஈரம் சுழலும் வேகத்தில் வெளியேற அப்படி ஓட்டைகள் இருக்கும். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்து, கோவையில் ஒரு கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தேன்.

எண்பது வயதை நெருங்கிய ஒருவர் வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் காலத்தில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் டைகர் மாத்துக்கு ப்ரொப்பல்லர் சுற்றிவிட்டவராம். அந்த விமானத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது, ஒருவர் முன்னால் நின்று கையால்தான் சுற்றிவிட வேண்டும். “தம்பி, இது எந்தப் பக்கம் சுத்தும்?” என்றார். விமானத்துக்கு எதிரே நின்று வலது கையை உயர்த்திக் கீழே இழுத்துக் காட்டினார். “நாங்க இப்படி இழுப்போம். அப்போ தடிச்ச விளிம்புதானே முன்னால போகணும்? உன்னோடதுல மெல்லிசு விளிம்பு போகுதே.”

எனக்கு உடம்பே கூசிவிட்டது. கடையில் விற்கும் சாதாரண மாடல் ப்ரொப்பல்லரைப் பார்த்து முறுக்கின் திசையை வைத்திருந்தேன். அவை எதிரே நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுபவை. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுற்றும். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் கட்டுபவர்களும் கவனியுங்கள். மெர்லின் எஞ்சின் வைத்தது ஒரு பக்கம், கிரிஃபான் எஞ்சின் வைத்தது மறுபக்கம்.

சரியான திசையிலேயே பறக்கவிட வேண்டுமென்றால் எலக்ட்ரிக் மோட்டாரில் சுலபம். பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆனால் நட்டு கழன்றுவிடாமல் பூட்ட வேண்டும், ப்ரொப்பல்லர் விமானத்தை ஒரு பக்கம் இழுப்பதைச் சமாளிக்க மோட்டாரை வலது பக்கம் சாய்த்திருந்தால் இடது பக்கம் மாற்ற வேண்டும்.

“இதுக்கு ஏன் இவ்வளவு பாடு, 3டி பிரிண்ட் போடலாமே” என்று யாராவது கேட்பீர்கள். காட்சிக்கு வைக்கத் தாராளமாகப் போடுங்கள், நான் குறை சொல்லவில்லை. பறக்க மட்டும் வேண்டாம். 16 அங்குல ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால் நுனி மணிக்கு 690 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அடுக்கடுக்காக அச்சிட்ட பிளாஸ்டிக் அந்த வேகத்தில் பிய்ந்தால் எதிரே நிற்பவர் கதி என்ன? நான் செதுக்கியதையும் காட்சிக்குத்தான் வைக்கிறேன். பறக்க, கடையில் வாங்கிய பீச் (beech) மர ப்ரொப்பல்லர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இரண்டாவதைச் செய்யும் முன் அசலை அளந்துவிட நினைத்தேன். ஒரு கல்வி நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் பழைய மர ப்ரொப்பல்லர் ஒன்று மாட்டியிருந்தது. அளக்க அனுமதி கேட்டுக் கடிதம் மேல் கடிதம் கொடுத்து, நான்கு மாதம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். போய்ப் பார்த்தால், யாரோ விருந்தாளி வருகிறார் என்று அதன்மேல் சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்! ஒட்டுக் கோடு, பித்தளை, செய்தவர்கள் மரத்தில் குத்திய எண்கள் எல்லாம் பெயின்ட்டுக்குள். அளக்க விடாமல் இழுத்தடித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். இதை இன்றுவரை முடியவில்லை.

உங்கள் விமானம் எது, என்ன அளவு என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அது எந்தப் பக்கம் சுற்றும் என்று முதலில் பார்த்துவிட்டு, கோண அட்டைகளை நானே வரைந்து தருகிறேன்.