சனிக்கிழமைக் கணக்கு

அண்ணா, வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். வயது 24. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, இசட் புள்ளி கொஞ்சம் குறைந்ததால் கம்பஸ் கிடைக்கவில்லை. மூன்று வருடமாக ஒரு பிஸ்கட் கம்பனியில் சேல்ஸ் ரெப்பாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 45,000. நல்ல மாதத்தில் கொமிஷன் 35,000 வரை வரும். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் பட்டப்படிப்பு, மூன்று வருடம், சனி ஞாயிறு வகுப்பு. கழிவு போக 950,000 ரூபா. அங்கிருந்து ஒரு அக்கா நாலு தரம் போன் எடுத்துவிட்டா, இந்த மாதத்தோடு கழிவு முடிகிறதாம். எங்கள் கம்பனியில் பட்டம் உள்ளவர்களுக்கு அடிப்படையில் 15,000 கூட. அப்படிப் பார்த்தால் 63 மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அம்மா நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டலாம் என்கிறா. சேல்ஸில் பட்டத்துக்கு உண்மையாகவே பெறுமதி இருக்கிறதா? கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

*

தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று முற்றத்தில் பாயை விரித்துப் பழைய பில் புத்தகங்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓடு ஒழுகி அலுமாரிக்குள் தண்ணீர் போய்விட்டது. எல்லாம் 2003, 2004 காலத்துப் புத்தகங்கள். நானும் உங்களைப் போல ஒரு ரெப்பாக இருந்தவன்தான், சோப்பும் பற்பசையும். அதனால்தான் இந்தப் பதில், இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

கல்யாண வீட்டு வெட்கத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. பட்டம் எடுத்துக்கொண்டு போனால் சம்பளம் எவ்வளவு என்பார்கள். அதை விடுங்கள்.

கணக்குக்கு வருவோம். வர்த்தகம் படித்த பிள்ளை, 63 மாதம் என்று எழுத எப்படி மனம் வந்தது? கட்டணத்தை மட்டும் 15,000 ஆல் பிரித்திருக்கிறீர்கள். வெள்ளி இரவு பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புகிற செலவு எங்கே? பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 5,000 என்றே வைப்போம். மாதம் 20,000, மூன்று வருடத்துக்கு 720,000. சனிக்கிழமை ரூட்டுக்குப் போகாமல் விடுவதால் கொமிஷனில் மாதம் 10,000 குறைந்தால் அது 360,000. மொத்தம் இருபது இலட்சத்து முப்பதாயிரம். இப்போது 15,000 ஆல் பிரியுங்கள், 135 மாதம். பதினொரு வருடத்துக்கு மேல், அதுவும் படிப்பு முடிந்த பிறகு எண்ணத் தொடங்கும் பதினொரு வருடம். கூடக் கிடைக்கும் 15,000 க்கு முதலாளி போடும் 12 வீத சேமலாப நிதியையும் 3 வீத நம்பிக்கை நிதியையும் சேர்த்தால் ஒன்றரை வருடம் குறையும், அடகு வட்டியைச் சேர்த்தால் அது திரும்ப ஏறிவிடும். அம்மாவின் நகையை இந்தக் கணக்குக்குள் இழுத்ததற்கு உங்களை நேரில் கண்டால் நன்றாக ஏசுவேன். அம்மாமார் தருகிறேன் என்றுதான் சொல்வார்கள், வாங்குகிறவனுக்குத்தான் புத்தி வேண்டும்.

எங்கள் ஆட்களுக்குப் பட்டத்தின் விலையைப் பார்க்கத் தெரியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த பிறகு பட்டம் என்பது விலை ஒட்டாத சாமான். கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் உங்களுக்கு இடம் கிடைத்திருந்தால், போய்ப் படியுங்கள் என்று ஒரு வரியில் எழுதி முடித்திருப்பேன், அங்கே தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை எவ்வளவு பெறும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு கொழும்புக்குப் போய் ஒன்பதரை இலட்சத்துக்குச் சாமான் வாங்கப் பார்க்கிறோம்.

சரி, சேல்ஸ். விற்பது பெரிய காரியமே இல்லை தம்பி. பிஸ்கட்டை யாரும் இறக்கலாம், கடனுக்குத் தருகிறேன் என்றால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்? காசை எடுப்பதுதான் சேல்ஸ். எந்தக் கடைக்கு எவ்வளவு விடலாம், எவரிடம் காலையில் கேட்கலாம், எவரிடம் பிளேன்ரீ குடித்து முடியும் வரைக்கும் காசுக் கதையே எடுக்கக்கூடாது, இதுதான் வேலை. உங்களுக்குச் சனிக்கிழமையின் அருமை தெரியாமலா இருக்கும்? வெள்ளி மதியத்துக்குப் பிறகு கிண்ணியாவில் கடை பூட்டு. ஞாயிறு பட்டினத்தில் பாதிக் கடை பூட்டு. கிழமைப் பாக்கியை எடுக்கிற நாள் சனி. அந்த நாளைத்தான் அந்த அக்கா உங்களிடம் கேட்கிறா.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். சுனாமி அலை வந்தபோது என் புத்தகத்தில் கிண்ணியா, மூதூர் இரண்டு ரூட்டிலும் நாற்பது கடைக்கு மேல் பாக்கி நின்றது. ஒரு மாதம் யாரும் காசைப் பற்றிப் பேசவில்லை. பிறகு தலைமை அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம், பட்டம் படித்த ஒரு மனேஜர் எழுதியது: பாக்கி முழுவதையும், எத்தனை நாளாக நிற்கிறது என்று பார்த்து, 30 நாள், 60 நாள், 90 நாள் என்று கூறு போட்டு அட்டவணையாக அனுப்பவும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செத்த வீட்டில் நின்று நாள் எண்ணச் சொல்கிறானே என்று கடதாசியைக் கசக்கி எறிந்தேன்.

இரண்டு நாள் கழித்து அதையே எடுத்து விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன், வேலை போய்விடுமே. எழுத எழுதத்தான் ஒன்று தெரிந்தது. அலைக்கு முதலே 90 நாள் தாண்டிய கடைகள் பதினொன்று. அதில் ஆறு கடை கடலில் இருந்து வெகு தூரம் உள்ளே, கால்கூட நனைந்திராது. அந்த ஆறு முதலாளிமாரும் பில்லெல்லாம் அலையோடு போய்விட்டது தம்பி என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள், நானும் அழாத குறையாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கடை எந்தத் தெருவில் என்பது அட்டவணையில் இருக்காது, அது என் காலில் இருந்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் யாரிடம் கேட்பது, யாரை விட்டுவிடுவது என்று பிடிபட்டது.

அந்த வருடம் ஏரியா மனேஜர் இடம் காலியானது. கொடுத்தது பட்டம் உள்ள வேறொருவருக்கு. என் புத்தகத்தைப் பார்த்து, நன்றாக எடுத்திருக்கிறாய் என்று முதுகில் தட்டிவிட்டு, கடதாசி இல்லையே தம்பி என்றார்கள். வந்தவர் கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். நான் விலகிக் கடை போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் எரிகிறது, பொய் சொல்லி என்ன?

அதனால் பட்டம் வீண் என்று நான் சொன்னதாக ஊரில் போய்ச் சொல்ல வேண்டாம். ரூட்டில் ஓடும் வரை உங்கள் கொமிஷனைத் தருவது டார்கெட்தான், அது பட்டத்தைக் கேட்காது. மேசைக்கு ஏறும்போதுதான் கேட்பார்கள். அந்த மேசை உங்கள் கம்பனியில் உண்மையாகவே இருக்கிறதா? ரெப்பாகச் சேர்ந்து பிறகு பட்டம் எடுத்து ஏறியவர் ஒருவராவது உண்டா, அல்லது பட்டக்காரரை வெளியில் இருந்து நேராகக் கொண்டுவந்து இருத்துகிறார்களா? உங்கள் மனேஜரிடம் வாய் விட்டுக் கேளுங்கள். பாதிக் கட்டணமாவது கம்பனி போடுமா என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சமென்றால் சேல்ஸில் என்ன செய்கிறீர்கள்? மேசை இருக்கிறதென்றால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, வெளிவாரிப் பட்டங்கள் இருக்கின்றன, சனிக்கிழமை முழுவதையும் விழுங்காத வழியைத் தேடுங்கள். கொழும்புதான் என்று நின்றால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாவும் கட்டாதீர்கள்.

அந்த அக்காவை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். நாலு போனில், ஆளைக் காணாமல், ஒன்பதரை இலட்ச ரூபாச் சாமானை ஒரு வீட்டின் நகைப் பெட்டி வரை கொண்டுவந்துவிட்டா. நான் என் காலத்தில் இப்படி ஒரு ரெப்பைக் கண்டதில்லை. ஐந்தாவது தரம் எடுக்கும்போது, அக்கா, நீங்கள் இந்தப் படிப்பைப் படித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. பிஸ்கட்டென்றால் கிண்ணியாவுக்கும் போவீர்கள்தானே. 2009 இல் பாலம் திறந்தார்கள், நான் போனதெல்லாம் பாதை என்கிற மிதவைப் படகில்தான், சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு. பாலத்தடிப் பக்கம் ஒரு நானாவின் பலசரக்குக் கடை இருந்தது, அலையில் மிஞ்சியது தராசு ஒன்றுதான். அவர் பெயருக்கு நேரே என் புத்தகத்தில் 1,850 ரூபா இன்னும் வெட்டாமல் கிடக்கிறது, மை ஊறிப்போய்விட்டது, ஆனாலும் வாசிக்கலாம். காசு கேட்க வேண்டாம். இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.