கோல்ஃப் கிளப் கேப்டன் வருடம் முழுக்க என்ன செய்வார்?

"கேப்டன் என்றால் கிளப்பிலேயே நன்றாக ஆடுபவரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி அவசியமில்லை. உறுப்பினர்கள் நம்பி, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு ஆட்டத்தின் பொறுப்பை ஒப்படைக்கும் ஆள் அவர்.

முதல் வேலை, போட்டித் தேதிகளைக் குறிப்பது. மலையில் அதை மழையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஊட்டி, வெலிங்டன் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் சிரமம். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் நெரிசல்.

அப்புறம் ஹேண்டிகேப், அதாவது ஆடுபவரின் திறமையைப் பொறுத்து அவருடைய அடிகளின் எண்ணிக்கையிலிருந்து கழிக்கும் எண். 18 ஹேண்டிகேப் உள்ளவர் ஆட்டத்தை 90 அடிகளில் முடித்தால், கழித்து 72 என்று கணக்கு; குறைந்த எண்ணிக்கைக்கே வெற்றி. இது சரியாக இருந்தால்தான் புதியவரும் பழைய கையும் ஒரே கோப்பைக்கு ஆட முடியும். இதில் சலுகை காட்டாத கேப்டனே நல்ல கேப்டன் என்பேன்.

கொடைக்கானலில் காட்டெருமைகள் மைதானத்துக்குள் மேய வரும். ஒரு போட்டி நாள் காலையில், பனி ஈரம் காயாத புல்லில் எங்கள் கேப்டன் மண்டியிட்டு, உள்ளங்கை அகலக் குளம்புத் தடத்தை, புல்தரையைச் சீராக்கும் சிறு முள்கரண்டியால் நெம்பிச் சரிசெய்ததைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய தடத்தில் பந்து விழுந்தால் தண்டனையின்றி எடுத்துப் போட்டு ஆடலாம் என்று உள்ளூர் விதி வைக்கவும் கமிட்டிக்கு இடமுண்டு.

மற்ற கிளப்புகளுக்கு அணியோடு போவது, அவர்கள் வரும்போது வாசலில் நின்று வரவேற்பது எல்லாம் சம்பந்தி வீட்டு முறை மாதிரி, ஒன்றுகூட விடக்கூடாது. பரிசளிப்பில், ஆடுபவரின் பையைச் சுமந்து உடன் வரும் கேடிகளையும் (caddie) பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்வார் எங்கள் கேப்டன்.