குழந்தைகளின் கண்: கேள்வி பதில்

கேள்வி: பையன் 31 வாரத்தில் பிறந்தான், 1.4 கிலோ. இன்றோடு 24 நாள். விழித்திரையைக் காட்டச் சொல்கிறார்கள். கண் நன்றாகத்தானே இருக்கிறது, உடம்பு தேறியதும் போகலாமா?

பதில்: வேண்டாம், உங்களுக்கு இன்னும் 6 நாள்தான் இருக்கிறது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. லேசர் சிகிச்சை என்று சொல்லிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்தாக வேண்டும். முதல் தடவை ‘நார்மல்’ என்றாலும் அடுத்த தேதியை விடாதீர்கள்.

கேள்வி: 5 வயதுப் பெண். பள்ளி முகாமில் வலது கண் பார்வை குறைவு, சோம்பேறிக் கண் என்றார்கள். டிவி நன்றாகத்தான் பார்க்கிறாள்!

பதில்: சோம்பேறிக் கண் என்றால், அந்தக் கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவிடுகிறது. இடது கண்ணால் பார்க்கிறாள், அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கையைத் தட்டிவிட்டு முரண்டு பிடித்தால் புரிந்துவிடும். பவர் சோதனை சொட்டு மருந்து விட்டுத்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ப்ளஸ் பவரை (தூரப்பார்வைக் குறையை) குழந்தையின் கண் மறைத்துவிடும். முதலில் கண்ணாடி, விழித்திருக்கும் நேரம் முழுக்க. சில மாதம் கழித்தும் குறை இருந்தால் நல்ல கண்ணை மூட அதன்மேல் ஒட்டு: மிதமான குறைக்குத் தினம் 2 மணி நேரம், கடுமையானால் 6 வரை. பார்வை குறைந்த கண்ணையே மூடிவிட்டு வருகிறவர்களும் உண்டு! ஒட்டைக் கண்ணாடிமேல் ஒட்டினால் மூக்கோரமாக எட்டிப் பார்ப்பாள். தோலில் ஒட்டி அதன்மேல் கண்ணாடி போடுங்கள். தூங்கும் நேரம் கணக்கில் சேராது. ஒட்டு போட்டிருக்கும் நேரத்தில் மணி கோக்க, வண்ணம் தீட்டக் கொடுங்கள். 7 வயதுக்குள் பலன் அதிகம். நல்ல கண்ணின் பார்வை இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும், சொன்ன தேதியில் போங்கள்.

கேள்வி: 2 மாதக் குழந்தை. ஒரு கண்ணில் எப்போதும் நீர், பீளை. அத்தை தாய்ப்பால் விடச் சொல்கிறார்.

பதில்: தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் இன்னும் திறக்கவில்லை. நகம் வெட்டிய சுண்டுவிரலைக் கண்ணின் உள்மூலையில் வைத்து, அழுத்தி, மூக்கோரமாகக் கீழே இழுங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 4 வேளை. மேலாகத் தடவினால் பயனில்லை. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துவிடும். வெளிச்சத்துக்குக் கண் கூசி, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தால் அது வேறு. கண் அழுத்த நோயாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

கேள்வி: ஃப்ளாஷ் போட்ட படத்தில் ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாக விழுகிறது. கேமரா கோளாறா?

பதில்: கோணத்தாலும் அப்படி விழும். ஆனால் கண்புரையும், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயும் இப்படித்தான் தெரியவரும். படத்தை அழிக்காமல் நாளைக்கே கொண்டுபோங்கள்.