விடுமுறைக் காலத்தில் நீங்கள் பார்த்த வேலைகளில் உங்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது எது?

கொழும்பில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2023ஆம் ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையின்போது, மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு புரோட்பேண்ட் இணையத்தைக் கொண்டுசெல்வதற்கான கள ஆய்வுக் குழு ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். எனக்கு அதிகம் கற்றுத்தந்தது அந்த வேலைதான்.

கொழும்பு அலுவலகத்திலிருந்த வரைபடத்தில், நாங்கள் போகவேண்டிய தோட்டங்களில் பெரும்பாலானவை 4ஜி வசதியுள்ளவை என்று நிறமிடப்பட்டிருந்தன. இத்தகைய வரைபடங்கள் கோபுரத்தின் உயரம், அலைவரிசை, மலையின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு கணினி கணிப்பவை; பிறகு வாகனத்தில் வீதிவழியே சென்று அளந்து சரிபார்க்கப்படுபவை. ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயன்கள் வீதியில் இல்லை. பல லயன்கள் வீதிக்குக் கீழே, மலை மடிப்புக்குள் இருக்கின்றன. அவற்றின் கூரையோ தகரம். உலோகம் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பிவிடுவதால், வீதியில் நின்றால் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் காம்பராவுக்குள், அதாவது லயன் அறைக்குள், நுழைந்ததும் அற்றுப்போகிறது. அதனால்தான் நாங்கள் பார்த்த வீடுகளில் கைபேசி வைப்பதற்கென்றே ஓரிடம், பெரும்பாலும் ஜன்னலோரம், ஒதுக்கப்பட்டிருந்தது. 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, வட்ஸ்அப்பில் வரும் பாடங்களைப் பெறுவதற்காகப் பிள்ளைகள் குடையும் கையுமாக மேட்டுக்கு ஏறியதைத் தாய்மார் எங்களிடம் சொன்னார்கள். பிள்ளை படிக்க உட்காரும் இடத்தில் அளக்காத எந்த அளவீட்டையும் வசதி என்று கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து.

தகரக் கூரைச் சிக்கலுக்குத் தீர்வு உண்டு. கூரைக்கு வெளியே ஓர் அன்டெனாவைப் பொருத்தி, கேபிள் மூலம் உள்ளே ரவுட்டருக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். ஒளியிழைக் கேபிளான ஃபைபர் இதைவிட நிலையானது. வீடுகளுக்கான ஃபைபர் முறையில் ஓர் இழையை 32 ஆகவோ 64 ஆகவோ பிரித்துக் கொடுக்கலாம்; சுமார் 20 கிலோமீற்றர் தூரம் வரை இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் வேண்டியதில்லை. 2022இல் நீண்ட மின்வெட்டின்போது கோபுரத்து பற்றரிகள் தீர்ந்து சிக்னலும் போய்விட்டதை அனுபவித்த மக்களுக்கு இது சிறிய விடயமல்ல. தோட்டங்களில் வீடுகள் சிதறிக் கிடப்பதால் ஃபைபர் கட்டுப்படியாகாது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. லயனுக்கும் லயனுக்கும் இடையே தூரம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு லயனுக்குள் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு பிரிப்பான் பெட்டியை வைத்தால் முழு லயனுக்கும் போதும். நகரத்துத் தனிவீடுகளுக்குக்கூட இவ்வளவு வசதி கிடையாது.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமாக இருந்தது விண்ணப்பப் படிவம். இணைப்புப் பெற முகவரிச் சான்று வேண்டும். லயன்கள் நிற்பது பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்ட அரச காணியில். அங்குள்ள பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை, கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வருகின்றன. கம்பம் நடுவதென்றாலும் தோட்டத் துரையின், அதாவது முகாமையாளரின், அனுமதி வேண்டும். போதாததற்கு எங்களிடம் தரப்பட்ட படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. நான் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் விளக்கி நிரப்பிக்கொடுத்தேன். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் ஒருவரிடம் வதிவிடத்துக்கு ஆதாரம் கேட்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. “தம்பி, எங்க அப்பாவும் இந்தக் காம்பராவுலதான் பொறந்தாரு, அதை எழுதுங்க” என்றார் ஓர் ஐயா. அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை.

கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை ஏற்றுக்கொள்ளும்படி எங்கள் மேற்பார்வையாளர் கொழும்புக்கு எழுதிய பிறகே விண்ணப்பங்கள் நகரத் தொடங்கின. இத்தகைய வேலை உங்களுக்குக் கிடைத்தால், அலுவலகத்தில் வரைபடத்தோடு உட்காராமல் கள ஆய்வுக் குழுவோடு அனுப்பும்படி கேளுங்கள். புறப்படுவதற்கு முன் படிவத்தின் தமிழ்ப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.