‘எல்லோரும்’ என்றால் எத்தனை பேர்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். விடுதியில் குடி, வேப் (மின்-சிகரெட்), விடிய விடிய ஆன்லைன் சூதாட்டம். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் “எல்லோரும் செய்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன?” என்கிறார்கள். என்னிடம்தான் கோளாறா?
— முதலாம் ஆண்டு மாணவர்

பதில்: உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை தம்பி. அந்த ‘எல்லோரும்’ எத்தனை பேர் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சத்தம் போடுகிற அறைதான் காதில் விழும், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போனவர்கள் யார் கணக்கிலும் வருவதில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். வளாகத்தில் நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சம்மதம், மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு சம்மதமாக இருக்கும் என்று கேட்டபோது, தன்னைவிட மற்றவர்களுக்குத்தான் அதிகச் சம்மதம் என்றே பெரும்பாலும் பதில் வந்தது, அதாவது மனசுக்குள் தயங்கியவர்கள் பலர், ஆனால் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் தயங்குவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கவலை தருவது அடுத்த விஷயம். ஒரு பருவம் முடிவதற்குள், மாணவர்களில் ஆண்களின் சொந்தக் கருத்தே அந்தத் தவறான கணிப்பின் பக்கம் நகர்ந்திருந்தது. வந்த புதிதில் பிடிக்காமல் இருந்தது இப்படித்தான் பழகிப்போகிறது.

அதனால் இப்போதே யாராவது ஒருவரிடம், “எனக்கு இது சரிப்படவில்லை, உனக்கு?” என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் கேட்டால் உண்மை வராது. மறுக்கும்போது காரணம் எதுவும் சொல்லாதீர்கள், மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் நாளைக்கு மறுபடியும் நீட்டுவார்கள், “வேண்டாம்” போதும். சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்க ஒருவர் கடன் கேட்டால் கொடுக்காதீர்கள், அதுவும் அதற்குள்ளேயே போய்விடும்.

இன்னொன்று, இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். குடித்துவிட்டு ஒருவர் எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், “தூங்கினால் தெளிந்துவிடும்” என்று விட்டுவிடாதீர்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறலாம், மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். காபியோ குளிர்ந்த நீரோ உதவாது. விடுதியில் மாட்டிக்கொள்வோமே என்ற பயத்தில் தாமதம் செய்தால் உயிரே போகலாம்.

கேள்வி: மகள் முதன்முறையாக வீட்டைவிட்டுப் போய்ப் படிக்கிறாள். தினமும் விசாரித்தால் எரிச்சல்படுகிறாள். கண்டிப்பாக இருப்பதா, விட்டுவிடுவதா?
— ஒரு தாய்

பதில்: தினசரி விசாரணையைக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அதற்குப் பதிலாக, “எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவேன், அன்றைக்கு எதுவும் கேட்கமாட்டேன்” என்று ஒரு வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும். யாராவது தொந்தரவு செய்தாலும், படத்தை வைத்து மிரட்டினாலும், வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்திலேயே பல பெண்கள் தனியாகச் சமாளிக்கப் பார்க்கிறார்கள், மிரட்டுகிறவனுக்கு அதுதான் வசதி. எப்போதாவது கோபத்தில் “படித்தது போதும், வந்துவிடு” என்று சொல்லியிருந்தீர்களா? அப்படியென்றால் இன்றைக்கே போன் செய்து, அப்படி ஒருநாளும் செய்யமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.