குழந்தைக்கு வயித்தால போகுதா? கேளுங்க

வேலூரில் சமுதாய மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை பதில் சொல்கிறார்.

காட்பாடி: மேடம், ரோட்டா சொட்டு மூணு தவணையும் போட்டாச்சு. அப்படியும் பாப்பாவுக்கு வயித்தால போகுது. அப்புறம் எதுக்கு போடறது?

எல்லா பேதியும் ரோட்டா வைரஸால் வருவதில்லை. ரோட்டாவாகவே இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. மெக்சிகோவில் 200 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அப்புறம் கடுமையான ரோட்டா பேதி வரவில்லை. 2002 முதல் நம்ம வேலூர் குடிசைப் பகுதிகளில் வைரஸ் ஆய்வாளர் ககன்தீப் காங் குழுவினர் அதே மாதிரி ஆய்வு செய்தார்கள். 373 குழந்தைகள், பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை. களப்பணியாளர் வீட்டுக்கே போய், "இன்னைக்கு எத்தனை தடவை போனான்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். குழந்தை நன்றாக இருந்தாலும் மலம் சேகரிப்பார்கள். இங்கே மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையே அவ்வளவுதான் தருகிறது, சொட்டு மருந்தைக் குறை சொல்லி என்ன பயன்? ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, அது கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. குளுக்கோஸ் ஏற்றுகிற வார்டைப் பார்த்தவர்களுக்குப் பாதி என்பது சின்னக் கணக்கில்லை.

குடியாத்தம்: ஓஆர்எஸ் எப்படி கலக்கறதுங்க?

பெரிய பாக்கெட் ஒன்று, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். கண்ணளவு வேண்டாம். கடையில் ஆரஞ்சு சுவையில் அட்டை டப்பாவில் விற்கிற இனிப்புத் தண்ணீர் ஓஆர்எஸ் இல்லை. அந்தச் சர்க்கரைக்குப் பேதி கூடும்.

ராணிப்பேட்டை: தோல் தொழிற்சாலைத் தண்ணியாலதான் பேதியா மேடம்?

தோல் பதனிடுகிற குரோமியம் என் துறை இல்லை. ரோட்டா மலத்திலிருந்து கை வழியாக வாய்க்குப் போவது.

சத்துவாச்சாரி: மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துட்டேன்...

மலத்தில் ரத்தம் இருந்தால் டாக்டரிடம் போங்க. இல்லாவிட்டால் ஓஆர்எஸ், கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.

ஆம்பூர்: டப்பா ஓஆர்எஸ் கொடுக்கலாமா?

குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படிங்க.

கஸ்பா: நீங்க சொன்ன அந்தச் சோதனையில மருந்து போட்ட பிள்ளைங்கள்ல 6 பேருக்குக் குடல் சொருகல், அதாவது குடலுக்குள்ளயே குடல் போய் அடைச்சுக்கறது. மருந்தில்லாத வெறும் சொட்டு வாங்கினவங்கள்ல 2 பேருக்குத்தான். மூணு மடங்கு! இதைச் சொல்ல மாட்டீங்களே.

சொல்கிறேன் தம்பி, கணக்கை முழுசாப் போடுங்க. மருந்து பெற்றவர்கள் 4,532. வெறும் சொட்டு 2,267. ஆள் இரண்டு மடங்கு என்பதால் வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். அதுவும் இத்தனை சிறிய எண்ணில் அது மருந்தாலா தற்செயலா என்று தீர்க்க முடியாது. அரசுத் திட்டத்தில் மருந்து வந்த பிறகு, குடல் சொருகலோடு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளைத் தேடிப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். மருந்தோடு தொடர்பு தெரியவில்லை.

கஸ்பா: சரி, வெறும் சொட்டு வாங்கின பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?

இது நியாயமான கேள்வி. காசு கொடுத்தால் தனியாரில் வேறு ரோட்டா மருந்து கிடைத்த காலம் அது. எனக்கே அதில் முழுத் திருப்தி கிடையாது. ஆனால் இந்த மருந்து இங்கே வேலை செய்கிறதா என்று தெரியாமல் அரசு இலவசமாகக் கொடுத்திருக்காது.

வாலாஜா: மேடம், டப்பாவுல ஆப்பிள் சுவை நல்லதா, ஆரஞ்சா?

பாக்கெட். ஒரு லிட்டர். இனி டப்பா கேள்விக்குப் பதில் வராது.