கன்டெய்னரை ஐபி எண்ணால் தேடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

கேள்வி: பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஏபிஐ (மற்ற நிரல்கள் அழைக்கும் சர்வர் நிரல்) ஒரு டாக்கர் கன்டெய்னரிலும், அதாவது நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டியிலும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இன்னொன்றிலும் ஓடுகின்றன. ஏபிஐயில் லோக்கல்ஹோஸ்ட் 5432 என்று கொடுத்தால் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வருகிறது. 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' கட்டளையில் போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரின் 172.17.0.2 என்ற ஐபியை எடுத்துப் போட்டேன், ஓடியது. மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் திரும்பவும் அதே பிழை. போர்ட்டை வெளியே திறந்துவிட்டு ஹோஸ்ட் ஐபியை, அதாவது டாக்கர் ஓடும் கணினியின் ஐபியைக் கொடு என்கிறார் சீனியர். சர்வரிலும் அப்படியே செய்யலாமா?

பதில்: சர்வரில் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

லோக்கல்ஹோஸ்ட் என்பது 'நான்' என்ற சொல்லைப் போல. யார் சொல்கிறார்களோ அவரையே குறிக்கும். டாக்கர் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் தருகிறது. ஐபி, ரூட்டிங், 127.0.0.1 எல்லாமே அதற்குள் தனி. ஆக, உங்கள் ஏபிஐ தன்னிடமே 5432 போர்ட்டைத் தேடுகிறது. அங்கே யாரும் இல்லை.

மறுநாள் என்ன நடந்தது? நெட்வொர்க் எதையும் குறிப்பிடாமல் கன்டெய்னரைக் கிளப்பினால், அது டாக்கரின் வழக்கமான பிரிட்ஜ் நெட்வொர்க்கில் போய் உட்காரும்; அதன் முகவரிகள் பொதுவாக 172.17 என்று தொடங்கும். 172.17.0.1 பிரிட்ஜுக்கே. முதலில் எழும் கன்டெய்னருக்கு 172.17.0.2, அடுத்ததற்கு 172.17.0.3. அன்று போஸ்ட்கிரெஸ் முந்தியது. மறுநாள் அநேகமாக ஏபிஐ முந்திக்கொண்டு அந்த எண்ணை எடுத்திருக்கும். சுற்றி வளைத்து மறுபடியும் தன்னையே கூப்பிட்டிருக்கிறது, அதனால்தான் அதே பிழை.

இதற்குச் சரியான வழி, நீங்களே ஒரு நெட்வொர்க் உருவாக்குவது. 'டாக்கர் நெட்வொர்க் கிரியேட்' கட்டளையில் ஒரு பெயர் கொடுங்கள். இரண்டு கன்டெய்னர்களையும் அந்த நெட்வொர்க்கில் ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் கன்டெய்னருக்கு 'டிபி' என்று பெயரிட்டால், ஏபிஐயில் ஹோஸ்ட் என்ற இடத்தில் 'டிபி' என்று எழுதினால் போதும். நீங்கள் உருவாக்கும் நெட்வொர்க்குகளில் டாக்கரே 127.0.0.11 என்ற முகவரியில் ஒரு டிஎன்எஸ் வைத்திருக்கிறது. பெயருக்கு அன்றைய ஐபி எதுவோ அதைத் தேடித் தரும். வழக்கமான பிரிட்ஜில் இந்த வசதி கிடையாது. பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதிக் கிளப்பும் டாக்கர் கம்போஸ் பயன்படுத்தினால் இதுவும் தானாக நடக்கும், சர்வீஸ் பெயரே ஹோஸ்ட் பெயர். பழைய கட்டுரைகளில் கன்டெய்னர்களை இணைக்க 'லிங்க்' என்ற ஆப்ஷனைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள், அதன் காலம் முடிந்துவிட்டது.

போர்ட்டில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 5433:5432 என்று எழுதினால் இடது பக்கம் ஹோஸ்டின் போர்ட், வலது பக்கம் கன்டெய்னரின் போர்ட். கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேச வலது பக்க எண் மட்டுமே வேண்டும். ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போர்ட்டை வெளியே திறக்கவே தேவையில்லை.

இப்போது சீனியர் சொன்ன யோசனை. வெறுமனே 5432:5432 என்று திறந்தால் அந்த போர்ட் சர்வரின் எல்லா முகவரிகளிலும் திறக்கிறது. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறோம், அது தடுக்கும் என்று நம்பாதீர்கள். டாக்கர் தன் விதிகளை நேராக ஐபிடேபிள்ஸில், அதாவது யூஎஃப்டபிள்யூவுக்கும் அடியில் இருக்கும் லினக்ஸ் ஃபயர்வாலில் எழுதுகிறது. பாக்கெட் யூஎஃப்டபிள்யூ விதிகளை எட்டும் முன்பே கன்டெய்னர் பக்கம் திரும்பிவிடும். ஃபயர்வால் நிலையைக் கேட்டால் 'மூடியிருக்கிறது' என்று காட்டும், வெளியிலிருந்து டேட்டாபேஸ் திறந்து கிடக்கும். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். டேட்டாபேஸை நீங்களே திறந்து பார்க்க வேண்டுமென்றால் 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள், அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே எட்டும். சர்வரில் இருப்பதை எஸ்எஸ்எச் டனல் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் பாருங்கள்.

பெயர் கொடுத்த பிறகும் பிழை வந்தால் செய்தியை நிதானமாகப் படியுங்கள். ஹோஸ்ட் பெயரே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டும் நீங்கள் உருவாக்கிய ஒரே நெட்வொர்க்கில் இல்லை. 'டாக்கர் நெட்வொர்க் இன்ஸ்பெக்ட்' காட்டிக்கொடுக்கும். பெயர் கிடைத்தும் ரெஃப்யூஸ்டு வந்தால் போஸ்ட்கிரெஸ் இன்னும் தயாராகாமல் இருக்கலாம். கம்போஸின் 'டிபென்ட்ஸ் ஆன்' கன்டெய்னர் கிளம்பும் வரைதான் காத்திருக்கும், உள்ளே டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்காது. அதற்கு, தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் எழுதி, 'சர்வீஸ் ஹெல்தி' என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். நாளைக்கு ஏபிஐயை வேறொரு கன்டெய்னர் அழைக்கும்போது இதே பிழை வந்தால், ஏபிஐ 127.0.0.1-ல் மட்டும் காது கொடுக்கிறதா என்று பாருங்கள். 0.0.0.0-ல், அதாவது தன் எல்லா முகவரிகளிலும் கேட்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மழை நாளில் அவுட்டர் ரிங் ரோடு முடங்கி, வீட்டிலிருந்து விபிஎன் போட்டு வேலை செய்வீர்கள். கம்போஸைக் கிளப்பியதும் அலுவலகத்தின் கிட் சர்வர் (குறியீட்டைச் சேமிக்கும் இடம்) மட்டும் எட்டாமல் போகலாம். டாக்கர் புது நெட்வொர்க்குகளுக்கு 172.17 தொடங்கி 172.31 வரையும் 192.168-லும் முகவரி எடுக்கும். அலுவலகமும் அதே எண்களை வைத்திருந்தால் மோதல்தான். நெட்வொர்க் குழுவிடம் யாரும் பயன்படுத்தாத ஒரு வரம்பைக் கேட்டு வாங்கி, டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன் ஜேசனில் 'டிஃபால்ட் அட்ரஸ் பூல்ஸ்' என்ற இடத்தில் எழுதி, டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்குகள் பழைய எண்ணிலேயே இருக்கும்; அவற்றை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும்.